ஜெனரேட்டர் உள்ள வீட்டாருக்கு

தஞ்சை மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய நீண்ட கடிதம் இம்மாதம் இப்பகுதிக்கு வந்துள்ளது. கணவர் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார். வீட்டில் இவரும் மாமியாரும் மூன்று பிள்ளைகளும் மட்டுமே. சென்ற விடுமுறையில் வந்த கணவர், மழைக்காலத்தில் மின்சாரம் போனால் பிள்ளைகள் இருட்டில் தவிக்க வேண்டாமே என்று பெட்ரோலில் ஓடும் சிறிய ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஓராண்டாக அதை யாரும் தொடவில்லை. ஐப்பசி நெருங்குகிறது. "அதை அப்படியே இயக்கலாமா? ஆயில் மாற்ற வேண்டுமா? பெண்பிள்ளையான நான் கயிறு இழுத்து அதை ஓடவைக்க முடியுமா? மழை பெய்யும்போது நனையாமல் கொல்லைத் தாழ்வாரத்தில் வைத்து ஓட்டலாமா?" என்று நான்கு கேள்விகளை அடுக்கியிருக்கிறார்.

நான்காவது கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்ற மூன்றிலும் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் இயந்திரம் கெடும். இதில் பிழை நேர்ந்தால் உயிர் போகும். தாழ்வாரத்தில் வைத்து ஓட்டக் கூடாது சகோதரி. முற்றத்தில் வைத்தும் ஓட்டக் கூடாது. சமையலறைக்குப் பின்னால், சன்னலுக்குக் கீழே, மாடிப்படிக்கு அடியில், ஷட்டரைப் பாதி இறக்கிய கடைக்குள் எங்குமே கூடாது.

இந்தச் சகோதரியின் வீட்டைப் போன்ற வீடுகள் இன்று நிறைய உள்ளன. 2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தபோது, கடலோர மாவட்டங்களில் மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. தண்ணீர்த் தொட்டியை நிரப்பவும், கைப்பேசிக்கு மின்னேற்றவும் வாடகை ஜெனரேட்டரைத் தேடி மக்கள் அலைந்தனர். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதும், 2016இல் வர்தா புயல் வீசியபோதும் இதே கதைதான். அந்த அனுபவத்திற்குப் பின் வசதியுள்ளவர்கள் ஆளுக்கொன்று வாங்கி வைத்தார்கள். ஆனால் அன்றாட மின்வெட்டு முன்போல் இல்லாததாலும், சிறு தடைகளை இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்வதாலும், அந்த ஜெனரேட்டர் ஆண்டில் பதினொரு மாதம் சாக்குப் போர்வைக்குள் உறங்குகிறது. பன்னிரண்டாம் மாதம், புயலடிக்கும் இரவில், நனைந்த கையோடும் பதைத்த நெஞ்சோடும், பழக்கமில்லாத ஒருவர் அதை இயக்க முற்படுகிறார். விபத்துக்கு வேண்டிய எல்லாம் அங்கே கூடிவிடுகின்றன.

இனிப் புகையைப் பற்றிச் சொல்கிறேன். பெட்ரோல் எரியும்போது வெளிவரும் வாயுக்களில் ஒன்று கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிக்காது, இருமலை வரவழைக்காது. சமையல் எரிவாயு கசிந்தால் மூக்கு காட்டிக்கொடுக்கும். இது அப்படிக் காட்டிக்கொடுக்காது. நம் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், உயிர்வளியை விட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. மூச்சு வந்து போய்க்கொண்டே இருக்கும். ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் போகவேண்டியது போய்ச் சேராது. தூங்குகிறவர் தூங்கியபடியே இறந்துபோவார்.

காருக்குப் பின்னால் நின்றால் புகை தெரிகிறதே, அதைவிடச் சிறிய எஞ்சின்தானே இது என்று எண்ணிவிட வேண்டாம். இன்றைய கார்களின் புகைக்குழாயில் நச்சு வாயுவைக் குறைக்கும் அமைப்பு உண்டு. சிறு ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவற்றில் அது இல்லை. அவற்றின் கார்புரேட்டரும் பெட்ரோலைச் சற்று மிகையாகவே கலந்து அனுப்பும். ஒரேயொரு ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்களுக்கு ஈடான கார்பன் மோனாக்சைடை வெளிவிடக்கூடும் என்று அமெரிக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. வீட்டின் கதவு, சன்னல் அனைத்திலிருந்தும் 20 அடிக்குக் குறையாத தொலைவில், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசை நோக்கி இருக்கும்படி வைக்க வேண்டும் என்பது அங்கு வகுக்கப்பட்டுள்ள விதி. இருபது அடி என்பது ஏறக்குறைய எட்டுத் தப்படி. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும் என்பதும், மின்விசிறி ஓடினால் புகை போய்விடும் என்பதும் நம்பத் தக்கவை அல்ல. பல வீடுகளில் அந்தத் திறந்த சன்னல் வழியாகவே புகை உள்ளே வருகிறது.

நம் கடற்கரை ஊர்களில் வீடுகள் நெருங்கியவை. இரு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே பெண்கள் நடமாடும் முடுக்கு இருக்கும். அதைத் தாண்டினால் அடுத்த வீட்டுப் படுக்கையறைச் சன்னல். நம் வீட்டில் புகை வரவில்லை என்று முடுக்கில் கொண்டுபோய் வைப்பவர், அண்டை வீட்டாரின் குழந்தைக்கு அதை அனுப்பிவைக்கிறார். இருபது அடி வெட்டவெளி இல்லாத வீட்டுக்கு ஜெனரேட்டர் ஏற்றதன்று என்பதே என் கருத்து. வாங்கிவிட்டோமே என்று வருந்துவதை விட, அதை இடமுள்ள உறவினருக்குக் கொடுத்துவிட்டு, நல்ல பேட்டரியோடு கூடிய இன்வெர்ட்டரை வைத்துக்கொள்வது நலம். மொட்டை மாடியில் வைக்கலாமா எனச் சிலர் கேட்பார்கள். மாடிப்படிக் கதவை இறுக மூடிவிட்டு, அதற்கு வெகுதூரத்து மூலையில், அடுத்த வீட்டு மாடியறைச் சன்னலையும் பார்த்து வைக்க இயலுமானால் வைக்கலாம். ஆனால் மழை இரவில் கையில் பெட்ரோல் கேனுடன் வழுக்கும் படியேறுவது யார் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

மழைக்கு என்ன செய்வது? எல்லாப் பக்கமும் திறந்திருக்கும்படி நான்கு கால் நட்டு, மேலே தகரம் போட்ட சிறு கொட்டகை ஒன்றைக் கொல்லையின் கோடியில் இப்போதே அமைத்துவிடுங்கள். தரையைச் செங்கல் அடுக்கி அரையடி உயர்த்திச் சமப்படுத்துங்கள். ஓடும் இயந்திரத்தின் மேல் தார்ப்பாயையோ சாக்கையோ போர்த்தக் கூடாது. அது தீப்பிடிக்கும், எஞ்சினும் வெந்துபோகும். சாரல் இயந்திரத்தின் மீதே அடிக்கும் அளவுக்குக் காற்றிருந்தால் அன்றிரவு ஜெனரேட்டர் வேண்டாம்.

இரவில் ஜெனரேட்டர் ஓடுகையில் வீட்டில் ஒருவருக்குத் தலை வலிக்கிறது, கிறுகிறுக்கிறது, குமட்டுகிறது, கால்கள் துவள்கின்றன என்றால், பித்தம் என்றோ, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ எலுமிச்சைச் சாறு பிழிந்துகொண்டிருக்காதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு அப்படியிருந்தால் ஐயமே வேண்டாம். முதலில் எல்லாரையும் வெட்டவெளிக்குக் கொண்டுவாருங்கள். பிறகு எஞ்சினை நிறுத்துங்கள். பிறகு 108க்கு அழையுங்கள். மருத்துவரிடம் "ஜெனரேட்டர் புகை" என்ற சொல்லை மறவாமல் சொல்லுங்கள். கொரோனாக் காலத்தில் பல வீடுகளில் வாங்கி வைத்த, விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் அளவி இதில் ஏமாற்றிவிடும். ஹீமோகுளோபினைப் பிடித்திருப்பது எந்த வாயு என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது, 98, 99 என்றே காட்டும். சாதாரணக் காற்றில் இந்த நஞ்சின் அளவு பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகும். முகமூடி வழியாகத் தூய ஆக்ஸிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் அவ்வளவு குறையும். ஆகவே தலைவலி நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. கருவுற்ற பெண்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. தாய் தேறிவிட்டாலும் வயிற்றிலுள்ள சிசு தேறியிருக்கும் என்று கொள்ள இயலாது. இந்த வாயுவைக் கண்டறிந்து ஒலியெழுப்பும், பேட்டரியில் இயங்கும் சிறு கருவிகள் இப்போது கிடைக்கின்றன. ஜெனரேட்டர் வாங்கிய வீட்டில் படுக்கையறைக்கு ஒன்று மாட்டுவது வீண் செலவன்று.

அடுத்தது பெட்ரோல். பெட்ரோலைக் காட்டிலும் பெட்ரோலின் ஆவிக்கே நாம் அஞ்ச வேண்டும். அது காற்றை விடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து சென்று, பத்தடி தள்ளியிருக்கும் அடுப்பையோ விளக்கையோ தொட்டு, தீயோடு திரும்பி வரும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் பெட்ரோல் ஊற்றுவதும், நிறுத்திய உடனே ஊற்றுவதும் நாம் அடிக்கடி காணும் கொடுமைகள். டேங்குக்கு அடியிலேயே, கைபட்டால் தோல் உரியும் சூட்டில் சைலன்சர் இருக்கிறது. நிறுத்திவிட்டு, குறைந்தது கால் மணி நேரம் ஆறவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். அந்தக் கால் மணி இருட்டைப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். வெளிச்சத்துக்கு டார்ச் மட்டுமே. மெழுகுவர்த்தியும் அரிக்கேன் விளக்கும் அந்தப் பக்கமே வரக் கூடாது. டேங்கை விளிம்புவரை நிரப்பாமல் ஓரங்குலம் குறைத்து ஊற்றுங்கள். அந்தி சாயுமுன் அன்றைய இரவுக்கு வேண்டியதை ஊற்றிவைத்துவிட்டால் நள்ளிரவில் புனலும் கேனுமாக அலைய வேண்டியதில்லை.

மீதிப் பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் வைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். தாகமெடுத்த குழந்தைக்குப் பாட்டில்தான் தெரியும், உள்ளேயிருப்பது தெரியாது. அப்படி விழுங்கிவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தியெடுக்க வைக்கவே கூடாது. வயிற்றில் இருப்பதை விட, வாந்தியோடு நுரையீரலுக்குள் இறங்கும் பெட்ரோல் கொடியது. நேரே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். மோட்டார் சைக்கிளிலிருந்து ரப்பர்க் குழாயை வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கும் வாலிபர்களுக்கும் இதுவே எச்சரிக்கை. எரிபொருளுக்கென்று செய்த, இறுக மூடும் கேனில், வீட்டுக்கு வெளியே, வெயில் படாத பூட்டிய இடத்தில் வையுங்கள். மண்ணெண்ணெய் கலந்தால் சிக்கனம் என்று அறிவுரை கூறும் மேதைகள் ஊருக்கு ஊர் உண்டு. பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும்படியாகவே செய்த ஜெனரேட்டர்கள் ஒரு காலத்தில் நம் நாட்டில் பரவலாக விற்றன. அந்தப் பழக்கத்தின் மிச்சம் இது. பெட்ரோலுக்கென்று செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரிவர எரியாது. எரியாதது கீழே இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும்.

இனி முதல் கேள்வி. ஓராண்டு உறங்கிய இயந்திரத்தை அப்படியே இயக்கலாமா? கூடாது. உள்ளே நிற்பது பெட்ரோல் என்று பெயர்தான். ஓரிரு மாதங்களிலேயே அதன் இலேசான பகுதி ஆவியாகிப்போய், மிஞ்சியது பிசினாக மாறி, கார்புரேட்டரின் மயிரிழைத் துளையை அடைத்துவிடும். பழைய வார்னிஷ் போன்ற நாற்றம் அதற்கு அடையாளம். போதாக்குறைக்கு, நம் நாட்டு பெட்ரோலில் இப்போது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். கடற்கரை ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. நீர் மிகுந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து அடியில் தனியே தங்கி, உலோகத்தை அரிக்கும்; பழைய இயந்திரங்களின் ரப்பர்க் குழாய், வாஷர் ஆகியவற்றையும் கெடுக்கும். புது இயந்திரம் வாங்குகிறவர்கள், அது இந்தப் பெட்ரோலுக்கு ஏற்றதுதானா என்று கையேட்டில் பார்த்து வாங்க வேண்டும்.

ஆகவே டேங்கிலுள்ள பழையதை வெட்டவெளியில் கேனில் வடித்துவிடுங்கள். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஒரு சிறு திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால் அங்கே தேங்கியதும் வடியும். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாமல் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். புதுப் பெட்ரோல் ஊற்றியும் கிளம்பவில்லையென்றால் கார்புரேட்டரைக் கழற்றித் துடைக்க வேண்டியிருக்கும். அது மெக்கானிக் வேலை. சமையலறைக் கத்தியை வைத்துக்கொண்டு முயல வேண்டாம்.

ஆயிலைப் பற்றிய இரண்டாம் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். இந்த எஞ்சின்களின் ஆயுளே அதில்தான் இருக்கிறது. காரில் ஆயிலை அழுத்தி அனுப்பும் பம்பும், வடிகட்டும் ஃபில்டரும் உண்டு. சிறு ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் இரண்டுமே கிடையாது. அடியிலுள்ள குளம் போன்ற தொட்டியில் அரை லிட்டர் அளவு ஆயில் கிடக்கும். பிஸ்டனோடு இணைந்த கம்பியின் கீழ்முனையில் கரண்டி போன்ற ஒரு நீட்சி, ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் குளத்தில் மூழ்கி எழுந்து ஆயிலை வாரி இறைக்கும். அந்த இறைப்பில்தான் எல்லா உறுப்பும் நனைய வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்று. ஆயில் விரலளவு குறைந்தாலும், இயந்திரம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலும் கரண்டிக்கு எட்டாது. சில நிமிடங்களில் உலோகம் உலோகத்தோடு உரசிப் பற்றிக்கொள்ளும். தரையைச் சமப்படுத்தச் சொன்னதற்கு இதுவும் காரணம். ஆயில் குறைந்தால் தானே நின்றுவிடும் அமைப்புப் பல இயந்திரங்களில் உண்டு. ஓடிக்கொண்டிருந்தது திடீரென நின்று, எத்தனை இழுத்தும் கிளம்பாவிட்டால், மெக்கானிக்கை அழைக்குமுன் ஆயிலைப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன் மூடியோடு உள்ள குச்சியைத் துடைத்து, நுழைத்து எடுத்து, அளவு பார்க்க வேண்டும். புது இயந்திரத்தில் முதல் ஆயிலை 20 மணி நேர ஓட்டத்தில், அல்லது முதல் மாதத்தில் மாற்றிவிட வேண்டும். உறுப்புகள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் உலோகத் துகள் அதில் கலந்திருக்கும். பின்பு 50 முதல் 100 மணி நேரத்துக்கு ஒரு முறை, கையேடு சொல்வதுபோல. ஓடவே இல்லையென்றாலும் ஆறு மாதத்திற்கொரு முறை மாற்றுவதே முறை. சகோதரியின் இயந்திரத்துக்கு இப்போதே புது ஆயில் ஊற்றிவிடலாம். சற்று ஓடவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கையில் வடித்தால் அழுக்கும் சேர்ந்து இறங்கும். எந்த ஆயில் என்பது கையேட்டில் இருக்கும், எஸ்.ஏ.இ. 10டபிள்யூ-30 என்பது பரவலாகக் குறிக்கப்படுவது. மிகச் சிறிய சில இயந்திரங்கள் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் வகை. அவற்றில் வெறும் பெட்ரோல் ஊற்றினால் எஞ்சின் அன்றே முடிந்தது. நம்முடையது எவ்வகை என்பதைக் கணவரிடம் இன்றே கேட்டுத் தெரிந்து, டேங்கின் மேல் பெயின்ட்டால் எழுதி வையுங்கள்.

ஏர் ஃபில்டர் பஞ்சாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்கு உலர்த்தி, சில துளி எஞ்சின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். பெட்ரோலில் கழுவ வேண்டாம். காகித ஃபில்டர் என்றால் தட்டினால் போதும். மிகவும் கறுத்துவிட்டால் புதிது. அது அடைத்தால் எஞ்சின் மூச்சுத் திணறிக் கரும்புகை விடும். நச்சு வாயுவும் பெருகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அதன் முனையே எஞ்சினின் உடல்நிலையைச் சொல்லும். இளம் பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரியாக இருந்தால் ஃபில்டரைக் கவனியுங்கள். எண்ணெய்ப் பிசுக்கிருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது, மெக்கானிக் பார்க்கட்டும். முனைகளுக்கிடையே 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர் இடைவெளி பெரும்பாலான எஞ்சின்களுக்குச் சரி. திரும்ப மாட்டும்போது முதலில் கையாலேயே திருகிவிட்டு, கடைசியில்தான் ஸ்பானரைத் தொட வேண்டும். அலுமினியத்தில் மரை கெட்டால் பழுது பார்க்கும் செலவு பிளக்கின் விலையைப் போலப் பல மடங்கு. எஞ்சினில் எதைத் தொடுவதாயிருந்தாலும் பிளக்கின் தொப்பியை முதலில் கழற்றிவிடுங்கள். தற்செயலாகச் சுழன்று கையைப் பிடிக்காது. காற்றால் குளிரும் எஞ்சின் இது. அதன் செதில்களுக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா, தூசி அடைந்திருக்கிறதா என்றும் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

கயிறு இழுப்பது பலத்தைக் காட்டும் வேலையன்று. பெட்ரோல் காக்கைத் திறந்து, சுவிட்சைப் போட்டு, சோக்கை மூடி, கயிற்றை மெல்ல இழுங்கள். ஓரிடத்தில் தடைபடும்; அங்கிருந்து கயிற்றைத் திரும்ப விட்டுவிட்டு, ஒரே வீச்சில் விரைந்து இழுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. எஞ்சின் பின்னுக்கு உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். இழுத்தபின் கைப்பிடியைச் சட்டென விடாமல் கூடவே கொண்டுபோய் விடுங்கள். கிளம்பியதும் சோக்கைப் படிப்படியாகத் திறங்கள். துப்பட்டா, முந்தானை, புர்காவின் தொங்கும் நுனி எதுவானாலும் இழுத்துச் செருகிக்கொண்டுதான் அருகில் போக வேண்டும். பிள்ளைகள் பத்தடிக்கு அப்பால்.

இனி, அவர் கேட்காத ஒன்று. ஜெனரேட்டர் மின்சாரத்தை வீட்டுக்குள் கொண்டுவர, இரு முனையிலும் பிளக் வைத்த ஒயர் ஒன்றைச் செய்து, அறையிலுள்ள பிளக் பாயின்டில் செருகிவிடும் வழக்கம் உண்டு. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டால் ஆபத்தில்லை என்பார்கள். ஒருநாள் மறந்தால் என்னாகும்? வீட்டிலிருந்து 230 வோல்ட் தெருக்கம்பிக்குப் போகும். தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தலைகீழாக 11,000 வோல்ட்டாக உயர்த்தும். மின்சாரம் இல்லை என்ற நம்பிக்கையில், கொட்டும் மழையில் கம்பத்தில் ஏறி நமக்காக வேலை செய்துகொண்டிருக்கும் மின்வாரியத் தொழிலாளியின் கையில் அது போய்ச் சேரும். ஜெனரேட்டர் ஓடும்போது அந்த ஒயரின் மறுமுனை பிளக்கைக் கழற்றினால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிகளில் மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும். குழந்தை தொட்டால் அவ்வளவுதான். உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து, மின்வாரிய இணைப்பு ஒரு பக்கமும் ஜெனரேட்டர் மறுபக்கமும் வரும்படி சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் பொருத்தி, எர்த்தும் சரிபார்த்துவிடுங்கள். அதுவரை நேரடியாக ஜெனரேட்டரிலிருந்து தடித்த எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து விளக்கும் விசிறியும் மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு கே.வி.ஏ. இயந்திரம் என்றால் 75 வாட் விசிறி நான்கும், 9 வாட் எல்.இ.டி. விளக்கு எட்டும் சேர்ந்து 372 வாட்தான், தாராளமாக ஓடும். இஸ்திரிப் பெட்டி ஒன்றே 1,000 வாட். கிணற்று மோட்டாரும் குளிர்சாதனப் பெட்டியும் கிளம்பும் நொடியில் தம் அளவைப் போலச் சில மடங்கு கேட்கும். இயந்திரத்தில் இரண்டு எண்கள் பொறித்திருந்தால் சிறிய எண்ணையே நம்புங்கள். அதிலும் முக்கால் பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம். எஞ்சின் இரண்டு நிமிடம் ஓடிச் சீரான பின் விளக்குகளைப் போடவும், நிறுத்துமுன் எல்லாவற்றையும் அணைக்கவும் வேண்டும்.

மழைக்காலம் முடிந்து இயந்திரத்தை மூடிவைக்கும் நாளில், ஓடும்போதே பெட்ரோல் காக்கை மூடுங்கள். கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து தானே நிற்கட்டும். டேங்கிலுள்ளதை வடித்து யாருடைய வண்டிக்காவது ஊற்றிவிடுங்கள். மற்ற மாதங்களில், மாதம் ஒரு முறை, பகல் வெளிச்சத்தில், சிறிது பெட்ரோல் ஊற்றி, விளக்கு, விசிறிகளோடு இருபது நிமிடம் ஓட்டி, மீண்டும் அதேபோல் காக்கை மூடி நிறுத்தி, மிஞ்சியதை வடித்துவிடுங்கள். வீட்டிலுள்ள பெரிய பிள்ளை கூட நின்று பழகிக்கொள்ளட்டும். இயந்திரத்தின் கைப்பிடியில் ஒரு சிறு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, ஓடிய மணிகளையும் ஆயில் மாற்றிய தேதியையும் அதில் எழுதுங்கள். புயலுக்குப் பின் பத்து நாள் இரவுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் 50 மணி நேரம் ஆகிவிடும்; ஆயில் மாற்றும் கெடு அந்தப் பத்து நாளுக்குள்ளேயே வந்துவிடும். அதனால் மாற்று ஆயில் ஒரு டப்பாவும், புது ஸ்பார்க் பிளக் ஒன்றும் ஐப்பசிக்கு முன்பே வாங்கி வைத்திருங்கள். புயல் வீசிய வாரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது.